வாசகர் கேள்வி – பதில்: வந்திறங்கும் பழங்களும் மருந்தின் எச்சமும்

இவ்விதழுக்கு வந்த கடிதங்களுள் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியே இருந்தது. கடைகளில் அடுக்கியிருக்கும் அப்பிள், தோடம்பழம், முந்திரிகை ஆகியவற்றில் பீடைகொல்லி எவ்வளவு தங்கியிருக்கிறது, அதை யார் சோதிக்கிறார்கள், வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்றே மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பக்கம் முழுவதையும் இந்த ஒன்றுக்கே தருகிறேன். ஆய்வுகூட மேசையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், அந்த மேசையால் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் பிரித்துக் காட்டுவதே என் நோக்கம்.

கல்லடியிலிருந்து ஒரு தாயார்: என் நான்கு வயது மகளுக்குக் கொடுக்கவிருந்த அப்பிளைக் கத்தியால் சுரண்டியபோது வெள்ளையாக மெழுகு வந்தது. இதுதான் மருந்தா? அவளுக்கு அப்பிள் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம், அம்மா. நீங்கள் சுரண்டியது மருந்து அன்று. அப்பிள் தன் தோலில் இயற்கையாகவே மெழுகை உண்டாக்கும் பழம். பொதியிடும் இடத்தில் தூரிகையால் கழுவும்போது அந்த மெழுகில் ஒரு பகுதி போய்விடுவதால், பழம் வாடாமலிருக்க கார்னோபா என்னும் பனையிலை மெழுகையோ, அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் ஷெல்லாக்கையோ மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். பூசப்படும் அளவில் இவை உடலுக்குக் கேடு செய்வதில்லை. நாம் அஞ்ச வேண்டிய பொருள் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, கத்தியில் வராது.

அப்பிள் மரத்தில் இருக்கும்போது அடிக்கப்படும் பூச்சிமருந்து ஒரு வகை. பறித்த பின்பு மாதக்கணக்கில் குளிரறையில் கிடக்கும்போது பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இடப்படும் தயபெண்டசோல் போன்றவை இன்னொரு வகை. தொலைதூர நாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழத்தில் இந்த இரண்டாம் வகைக்கே நாம் கூடிய கவனம் கொடுக்க வேண்டும். ஏனென்றால் மரத்தில் அடித்த மருந்து வெயிலிலும் மழையிலும் நாளடைவில் சிதைந்து குறைகிறது. பறித்தபின் பூசிய மருந்துக்கோ வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

உங்கள் மகளை வைத்தே கணக்குப் பார்ப்போம். தயபெண்டசோலை ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு ஏற்றுக்கொண்ட அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். பிள்ளையின் எடை 15 கிலோ என்றால் நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராம். அப்பிளில் இந்த மருந்துக்கு கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியம ஆணைக்குழு விதித்துள்ள எல்லை, கிலோவுக்கு 3 மில்லிகிராம். அந்த எல்லை மட்டத்துக்கே மருந்து இருக்கும் 150 கிராம் அப்பிள் ஒன்றில் 0.45 மில்லிகிராம் இருக்கும். அப்படிப்பட்ட பழங்கள் மூன்றை ஒவ்வொரு நாளும் அவள் தின்றாலும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. அந்த அளவு விலங்குகளில் கேடு காணப்படாத மட்டத்தை, மனிதர் வேறு என்பதற்காகப் பத்தாலும், மனிதருக்குள் பலவீனமானவர்களும் உண்டு என்பதற்காக இன்னொரு பத்தாலும் வகுத்துப் பெறப்பட்டது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு மருந்துக்கு மாத்திரமே பொருந்தும். ஒரே பழத்தில் நான்கைந்து மருந்துகள் சிறுசிறு அளவில் சேர்ந்திருந்தால் அவற்றின் கூட்டு விளைவு என்ன என்பதை இன்றைய எல்லைகள் பெரும்பாலும் தனித்தனியாகவே பார்க்கின்றன. அதனால்தான் ஒரே பழத்தை ஒரே கடையில் நாள்தோறும் வாங்காமல், அப்பிளுக்கு அடுத்த நாள் கொய்யா, அதற்கடுத்த நாள் பப்பாசி என்று மாற்றிக் கொடுக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாய்ந்தமருதிலிருந்து ஓர் இளைஞர்: கட்டாரிலிருந்து வந்த என் நானா ஒரு சிறிய கருவி கொண்டுவந்தார். பழத்தில் ஊசியைக் குத்தினால் நச்சு உண்டா இல்லையா என்று திரையில் காட்டுகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம், தம்பி. இவ்வகைக் கைக்கருவிகள் பழச்சாற்றின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து நைத்திரேற்றின் அளவை ஊகித்துக் காட்டுபவை. நைத்திரேற்று பசளையோடு தொடர்புடையது. பீடைகொல்லி எச்சத்தை அந்த ஊசியால் உணர முடியாது. நொதியம் தடவிய சோதனை அட்டைகள் சில உண்டு. அவை ஒகனோபொசுபேற்று, காபமேற்று என்னும் இரு குடும்ப மருந்துகளுக்கு மாத்திரமே நிறம் மாறும். இன்று பழங்களில் அதிகம் காணப்படும் பூஞ்சணக்கொல்லிகளை அவை கண்டுகொள்வதில்லை.

தவறான கருவியால் விளையும் கேடு சிறிதன்று. 2014இல் பங்களாதேசத்தில், டாக்கா நகருக்குள் வந்த மாம்பழங்களில் போர்மலின் இருக்கிறதென்று கூறித் தொன் கணக்கில் பழங்களை அழித்தார்கள். போர்மலின் என்பது போமல்டிகைட்டு நீரில் கரைந்த திரவம். பயன்படுத்தப்பட்ட கருவியோ காற்றிலுள்ள போமல்டிகைட்டை அளப்பதற்குச் செய்யப்பட்டது. பழங்களில் அந்தப் பொருள் இயற்கையாகவே சிறிதளவு உண்டு. விடயம் நீதிமன்றம் வரை போய், கருவி பொருத்தமற்றது என்று தெரியவந்தபோது, விவசாயிகளும் வியாபாரிகளும் இழந்தது திரும்பவில்லை. ஆகவே கருவி காட்டியதை வைத்து எந்தக் கடைக்காரர் மீதும் பழி சுமத்திவிடாதீர்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்: ஆய்வுகூடத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால் பழம் சுத்தம் என்று கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இது, ஐயா. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொண்டுவரப்பட்ட பழங்களை முதலில் கழுவாமல், தோல் சீவாமல், அப்படியே வெட்டி அரைக்கிறார்கள். எல்லை என்பது நாம் தின்னும் பகுதிக்கன்றி, விற்கப்படும் பழத்துக்கு விதிக்கப்படுவதால், வாழைப்பழத்தையும் தோடம்பழத்தையும் கூடத் தோலோடு அரைக்க வேண்டும். மருந்து ஆவியாகிப் போகாமலிருக்க உலர்பனியோடு சேர்த்து அரைப்பது நல்ல முறை. அரைத்ததிலிருந்து 10 கிராம் எடுத்து, அசிற்றோனைட்ரைல் என்னும் கரைப்பானோடும் மகனீசியம் சல்பேற்றோடும் உப்போடும் ஒரு நிமிடம் வலுவாகக் குலுக்கினால், மருந்து கரைப்பானுக்குள் வந்துவிடும். அதைச் சுழற்றித் தெளிய வைத்து, நிறத்தையும் அமிலத்தையும் நீக்கி, கலந்திருக்கும் பொருள்களைப் பிரிக்கும் நிறப்பகுப்பியோடு இணைந்த, அவற்றை மூலக்கூற்றின் திணிவால் இனங்காணும் திணிவு நிறமாலைமானிக்குள் செலுத்துகிறார்கள். ‘குவெச்சர்ஸ்’ என்று பெயர்பெற்ற இந்த முறை 2003இல் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு மாதிரிக்கு ஒரு நாள் முழுவதும் போத்தல் போத்தலாகக் கரைப்பான் செலவழித்த வேலை, இப்போது அரை மணித்தியாலத்துக்குள் முடிகிறது. ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடவும் முடிகிறது.

எவ்வளவு சிறிய அளவை இந்தக் கருவி காண்கிறது என்பதை எங்கள் நெல்லைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒரு நெல்மணி ஏறத்தாழ 25 மில்லிகிராம். ஆய்வுகூடங்கள் வழமையாக அறிக்கையிடும் அடிமட்டம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 2500 கிலோ நெல்லுக்குள், அதாவது ஏறத்தாழ 40 மூடைகளுக்குள், நிறம் மாறிய ஒரே ஒரு மணியைத் தேடி எடுப்பதற்கு அது சமம். ஆகவே ‘கண்டறியப்பட்டது’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பதறுவது சரியன்று. எவ்வளவு என்று கேட்ட பின்னரே பதற வேண்டுமா என்று முடிவுசெய்யலாம்.

‘கண்டறியப்படவில்லை’ என்பதற்கு வருகிறேன். தேடப்பட்ட பட்டியலில் உள்ளவை, கருவியின் அடிமட்டத்துக்கு மேல், அந்த மாதிரியில் இல்லை என்பதே அதன் பொருள். பட்டியலில் இல்லாத மருந்து பழத்தில் நிறைந்திருந்தாலும் அறிக்கை வெறுமையாகவே வரும். கிளைபோசேற்று, பரகுவாட், எத்திபோன் போன்றவை நீரில் நன்கு கரையும் இயல்புடையவை என்பதால், மேலே சொன்ன முறையில் சிக்குவதில்லை. அவற்றுக்கு வேறு முறை வேண்டும். முந்திரிகைத் தோட்டங்களில் பெருமளவில் அடிக்கப்படும் மங்கோசெப் என்னும் பூஞ்சணக்கொல்லியும் அப்படித்தான். அதைச் சிதைத்து, வெளிவரும் காபனிருசல்பைட்டை அளந்தே கணக்கிட வேண்டும். அதைத் தனியாகக் கேட்டுப் பணம் கட்டாவிட்டால் யாரும் செய்து தரமாட்டார்கள்.

இதற்கு நடந்த சான்று ஒன்று உண்டு. 2010இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற முந்திரிகையில் குளோர்மெக்குவாட் என்னும் வளர்ச்சி ஒழுங்காக்கி ஐரோப்பிய எல்லைக்கு மேலிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, சரக்குகள் தேங்கின. அந்தப் பழங்கள் புறப்படுமுன் சோதிக்கப்படாமல் போனவை அல்ல. சோதனைப் பட்டியலில் அந்தப் பொருளின் பெயர்தான் இருக்கவில்லை. ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் முடிவைப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, பின்பக்கத்தில் உள்ள பட்டியலை முதலில் படியுங்கள் என்று நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்லி வந்தேன்.

ஏறாவூரிலிருந்து ஒருவர்: ஒரே மருந்துக்கு ஐரோப்பாவில் ஓர் எல்லை, மற்ற இடங்களில் வேறோர் எல்லை. கூடிய எல்லை உள்ள நாடுகள் தங்கள் மக்களைக் கைவிட்டுவிட்டனவா?

அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. அப்பிளின் தோல் குளிரறையில் கருகாமலிருக்கப் பூசப்படும் டைபீனைலமின்னுக்கு கோடெக்ஸ் எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வைத்த எல்லை 0.1 மில்லிகிராம், பின்னர் அதையும் குறைத்தது. 2014இலேயே நூறு மடங்கு வேறுபாடு. அது நூறு மடங்கு நச்சு என்று கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த வேறுபாடு அன்று. சேமிப்பின்போது நைத்திரோசமைன் என்னும் கேடான பொருள்கள் உருவாகக்கூடுமா என்ற கேள்விக்கு உற்பத்தியாளர்கள் போதிய தரவு தரவில்லை என்பதால் ஐரோப்பா அனுமதியை மறுத்தது. அனுமதியற்ற மருந்துகளுக்கு அங்கே பொதுவாக விதிக்கப்படும் எல்லை 0.01 மில்லிகிராம் மட்டுமே. ஜப்பானும் 2006 முதல், தனியாக எல்லை குறிக்கப்படாத மருந்துகளுக்கெல்லாம் அதே 0.01ஐ வைத்திருக்கிறது. எல்லை என்பது பெரும்பாலும் நல்ல விவசாய முறையில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கான அளவு. ஒருவரை நோயாளியாக்கும் அளவு அன்று.

எனினும் என் கருத்தையும் மறைக்க மாட்டேன். ஐயம் இருக்கும்போது, பயன்படுத்துபவரே பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய நிலைப்பாடே பிள்ளைகள் உள்ள நாட்டுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: உப்பு, வினாகிரி, மஞ்சள், கடைகளில் விற்கும் கழுவும் திரவம் இவற்றுள் எது நல்லது?

ஓடும் நீரில் அரை நிமிடம் தேய்த்துக் கழுவுவதே எல்லாவற்றுக்கும் முதலானது. மேற்பரப்பில் தூசோடு ஒட்டியிருக்கும் மருந்தில் பெரும்பகுதி தேய்ப்பதால்தான் போகிறது. எனவே பாத்திரத்தில் வெறுமனே ஊறவைத்து எடுப்பது போதாது.

அதற்கு மேலும் செய்ய விரும்பினால் அப்பச்சோடாவைப் பயன்படுத்துங்கள். 2017இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பிளில் தயபெண்டசோலையும் பொஸ்மெட் என்னும் பூச்சிமருந்தையும் தாங்களே பூசி, வெறும் நீர், குளோரின் நீர், அப்பச்சோடா நீர் மூன்றையும் ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு அப்பச்சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது மேற்பரப்பிலிருந்த எச்சம் நீங்கியது. ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. ஆனால் அதே ஆய்வில் தயபெண்டசோலில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. உள்ளே போனதை எந்தக் கழுவலும் எடுக்காது. தோல் சீவினால் போகும், அதோடு நார்ப்பொருளும் கொஞ்சம் போகும்.

இன்னொரு வழக்கத்தைப் பற்றி இங்கே எழுதாமல் விட முடியவில்லை. இறக்குமதித் தோடம்பழத்தின் தோலைக் காயவைத்துத் தேநீருக்கும், தூளாக்கி முகத்துக்கும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தோடம்பழத்துக்கு இமசலில், தயபெண்டசோல் போன்ற பூஞ்சணக்கொல்லிகளை மெழுகோடு கலந்தே பூசுவது உலக வழக்கம். எச்சம் பெரும்பாலும் தோலில்தான் நிற்கும். காயவைத்தால் நீர் போய் மருந்து செறிகிறது. சுளையைத் தாராளமாகத் தின்னுங்கள், தோலை எறிந்துவிடுங்கள், உரிக்கு முன்னரே கழுவுங்கள். உரித்த கையோடுதானே பிள்ளைக்குச் சுளையை ஊட்டுகிறோம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: நோன்பு காலத்தில் பேரீச்சம்பழம் அதிகம் உண்கிறோம். அதிலும் இந்தப் பயம் உண்டா?

ஒப்பீட்டளவில் குறைவு. பேரீச்சம்பழத்தில் பூச்சி விழாமலிருக்கக் களஞ்சியத்தில் பொசுபீன் வாயுவால் புகையூட்டுவார்கள். காற்றோட்டம் கொடுத்தால் அந்த வாயு வெளியேறிவிடும். முன்னர் பரவலாயிருந்த மெதைல் புரோமைட்டு, ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வளரும் நாடுகளிலும் 2015உடன், துறைமுகத் தொற்றுத்தடைத் தேவைகள் தவிர, நிறுத்தப்பட்டது. திறந்த தட்டில் கிலோக் கணக்கில் விற்கும் பழத்தில் தூசும் ஈயும்தான் உங்கள் முதற்கவலையாக இருக்க வேண்டும். வெந்நீரில் ஒருமுறை அலசி, துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு தோட்டக்காரர்: வெளிநாட்டுப் பழத்தை விட்டு உள்ளூர்ப் பழத்தை உண்ணுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தானே சொல்வீர்கள்?

உங்கள் தோட்டத்துப் பழத்தை வாங்குங்கள் என்று சொல்வேன். ஆனால் உள்ளூர் என்ற காரணத்தாலேயே அது தூயது என்று சொல்ல மாட்டேன். அண்ணன், நீங்களே அறிவீர்கள்: மருந்துப் போத்தலின் சுட்டியில் மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருக்கும் விபரங்களுள், கடைசியாக மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. பிற்பகல் அடித்துவிட்டு விடியச் சந்தைக்கு ஏற்றினால், அந்தப் பயற்றங்காயில் இருப்பது கடல் தாண்டி வந்த அப்பிளில் இருப்பதைவிடப் பன்மடங்காக இருக்கலாம். வீட்டு வளவில் நிற்கும் மாமரத்துக்கும் கொய்யாவுக்கும் பெரும்பாலும் யாரும் மருந்தடிப்பதில்லை. அவற்றை மனம்விட்டுத் தின்னலாம். களுதாவளை போன்ற இடங்களில் நெருக்கமாகச் செய்யப்படும் மரக்கறித் தோட்டங்களுக்கு, காத்திருப்பு நாள்களே உண்மையான சோதனை.

இதை நாடுகளுக்கிடையிலான பூசலாகப் பார்க்க வேண்டாம் என்பதற்கு எங்கள் தேயிலையே சான்று. 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தபின் தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்கு மாறின. 2018இல் ஜப்பான், இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்னும் களைகொல்லியின் எச்சம் தன் 0.01 எல்லைக்கு மேலிருக்கிறது என்று முறையிட்டது. அன்று சோதிக்கப்பட்டது நாம் அனுப்பிய பொருள். நாம் வாங்கும் பொருளுக்கும் அதே கண்டிப்பைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

மருந்தடிக்கும்போது கையுறையும் முகமூடியும் அணிகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பழத்தைத் தின்பவரின் உடலுக்குள் போவது மில்லிகிராமின் பின்னம், தெளிப்பவரின் தோலிலும் மூச்சிலும் போவது அதைவிட மிக அதிகம். தயவுசெய்து அணியுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பழ வியாபாரி: இப்படியெல்லாம் எழுதினால் எங்கள் வியாபாரம் என்னாவது? கொழும்பிலிருந்து பெட்டி வருகிறது, விற்கிறோம். பழத்தோடு வரும் சான்றிதழைக் காட்டினாலும் சனம் நம்புவதில்லை.

உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. ஆனால் அந்தச் சான்றிதழ் எது என்று பாருங்கள். பழத்தோடு கப்பலில் வருவது பெரும்பாலும் தாவர சுகாதாரச் சான்றிதழ். பழ ஈ, செதில் பூச்சி, நோய்க்கிருமி இல்லை என்று ஏற்றுமதி நாடு கொடுக்கும் உறுதி அது. நம் நாட்டில் தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பார்ப்பதும் அதைத்தான். மருந்தெச்சத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை. பூச்சி இல்லை என்ற உறுதிக்காகவே சில வேளைகளில் கூடுதலாக மருந்திடவோ புகையூட்டவோ நேர்கிறது. எச்சத்தைப் பார்க்க வேண்டியது உணவுச் சட்டத்தின் பொறுப்பு. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுகாதார அமைச்சின் உணவுப் பரிசோதகர்களே அந்த இடத்தில் நிற்கிறார்கள்.

நீங்கள் உங்கள் மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டியது எச்சப் பகுப்பாய்வு அறிக்கை. அது, சோதனை ஆய்வுகூடங்களின் திறனுக்கான சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ. 17025 தராதரம் பெற்ற ஆய்வுகூடத்தினுடையதா, அறிக்கையிலுள்ள தொகுதி இலக்கமும் உங்கள் பெட்டியிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இலக்கம் பொருந்தாத அறிக்கை எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் உங்கள் பழத்தைப் பற்றியதன்று. உங்களைப் போல் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால் கொழும்பில் கொடுக்கத் தொடங்குவார்கள்.

எல்லையை ஒரு மாதிரி சிறிது தாண்டியது என்று கேள்விப்பட்டால் உடனே பழியை ஏற்கவும் வேண்டாம். இத்தகைய அளவீட்டில் பாதியளவு ஐயப்பாடு இருக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வுகூடங்களே ஏற்றுக்கொள்கின்றன. எல்லை 0.5 ஆக இருக்கும்போது 0.7 என்று வந்தால், பாதியைக் கழித்து 0.35 என்று பார்த்து, சட்ட நடவடிக்கைக்கு அது போதாது என்று விட்டுவிடுவார்கள். 1.0ஐத் தாண்டினால்தான் ஐயத்துக்கு இடமில்லை.

திருக்கோவிலிலிருந்து ஒரு மாணவி: பழத்தில் ஒட்டியிருக்கும் சிறிய ஒட்டியிலுள்ள எண்ணைப் பார்த்து மருந்து அடித்ததா என்று அறியலாமாமே?

முழுவதும் சரியன்று, மகள். நான்கு இலக்கம் என்றால் வழமையான முறையில் விளைந்தது, 9இல் தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் சேதன முறையில் விளைந்தது என்பது உண்மை. ஆனால் அந்த எண் கடையில் விலை போடுவதற்காக உருவானது. அதை ஒட்டும்படி எந்த அரசும் கட்டாயப்படுத்தவில்லை, எவரும் சோதித்து ஒட்டுவதும் இல்லை. 8இல் தொடங்கினால் மரபணு மாற்றியது என்று பரவும் செய்தியை நம்ப வேண்டாம். அப்படி எண்ணிட்ட பழம் கடைகளுக்கு வந்ததில்லை.

கல்முனையிலிருந்து ஒரு மாதர் சங்கத்தினர்: எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் முந்திரிகையைச் சோதிக்கக் கொடுக்க விரும்புகிறோம். எங்கே, எப்படிக் கொடுப்பது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் முறையிடுவது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டுப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அதிகாரம் பெற்றவர். அப்படி எடுத்த மாதிரியின் பெறுபேறே நீதிமன்றத்தில் நிற்கும். இரண்டாவது, கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற, கட்டணத்துக்குச் சோதிக்கும் ஆய்வுகூடத்துக்கு நீங்களே அனுப்புவது. அது உங்கள் அறிவுக்கும் அடுத்த முறைப்பாட்டுக்கும் உதவும், வழக்குக்கு உதவாது. தனியொரு குடும்பம் தாங்கும் கட்டணம் அன்று என்பதால், சங்கமாகச் சேர்ந்து முன்வந்த உங்கள் முடிவு சரியானது. பணம் கட்டுமுன், எந்தெந்த மருந்துகளைத் தேடுவார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். முந்திரிகை என்பதால் மங்கோசெப் சேர்ந்த டைதயோகாபமேற்றுக் குடும்பத்தையும், குளோர்மெக்குவாட்டையும் தனியாகச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

துறைமுகத்தில் எடுக்கப்படும் மாதிரிகளின் பெறுபேறுகளை, எந்த நாடு, எந்தப் பழம், எந்தத் தொகுதி என்ற விபரத்தோடு மாதந்தோறும் பொதுமக்கள் பார்க்கும்படி மூன்று மொழிகளிலும் வெளியிட்டால், கல்முனைப் பெண்கள் தங்கள் சேமிப்பை இதற்குச் செலவழிக்க நேராது. சங்கத்தின் பெயரில் சுகாதார அமைச்சுக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தப் பத்தியை எழுதுபவனின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாதிரி எடுக்கும் முறையில் தவறினால் எல்லாம் வீண். ஒரு குலையைக் கொடுத்துவிட்டு ஊருக்கே பதில் எதிர்பார்க்கக் கூடாது. கோடெக்ஸ் வழிகாட்டலின்படி, அப்பிள், தோடம்பழம் போன்றவற்றில் குறைந்தது 10 பழங்களும் ஒரு கிலோவும் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட முந்திரிகைக் குலை, வத்தகப்பழம் போன்றவற்றில் குறைந்தது ஐந்தும் இரண்டு கிலோவும் வேண்டும். ஒரே பெட்டியின் மேலடுக்கிலிருந்து மாத்திரம் எடுக்காமல், பல பெட்டிகளின் பல இடங்களிலிருந்து எடுங்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், அழுகியதை மாத்திரம் ஒதுக்குங்கள்.

பையைப் பற்றி ஓர் அனுபவம். நான் வேலை பார்த்த காலத்தில் ஒருவர் கொண்டுவந்த முந்திரிகையில் குளோர்பைரிபொஸ் என்னும் பூச்சிமருந்து திகைக்க வைக்கும் அளவில் வந்தது. விற்ற கடைக்காரரின் பெயர் ஊர் முழுவதும் அடிபட்டது. பிறகு விசாரித்தபோது, வயலுக்கு மருந்துப் போத்தல் கொண்டுபோன உரப்பையில் பழத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. அதே கடையில் அதே பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த பழத்தில் அந்த மருந்து இல்லை. அந்தக் கடைக்காரர் மீண்டும் பழம் போடவே இல்லை. அவருடைய முகம் இன்றும் என் மனத்தில் நிற்கிறது.

ஆகவே ஒருபோதும் பயன்படுத்தாத புதிய பொலித்தீன் பையில் இட்டு, ஐஸ் வைத்த பெட்டியில், இரவு ரெயிலில் ஏறி விடிய ஆய்வுகூடத்தில் ஒப்படைக்கும்படி ஒருவரை நேரில் அனுப்புங்கள். வாங்கிய கடை, திகதி, நேரம், பெட்டியிலுள்ள நாட்டின் பெயர், பொதியிட்ட நிலையம், தொகுதி இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, பெட்டியின் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டு அந்த அட்டைப்பெட்டியையும் வாங்கி, பெறுபேறு கையில் வரும்வரை சங்கத்தின் அலுமாரியில் வைத்திருங்கள்.